புரோகிராமை மாற்றுவதற்கு முன் வயரை ஆட்டிப் பாருங்கள்

சோமனூர் பக்கத்திலிருந்து ஒரு பையன் சனிக்கிழமை சாயங்காலம் என் பட்டறைக்கு வந்தான். பதினோராம் வகுப்பு. கையில் ஒரு செருப்புப் பெட்டி, அதற்குள் தென்னங்கன்றுக்குத் தானாகத் தண்ணீர் விடும் கருவி. புரோகிராம் ஏற்றும் சின்ன போர்டான ஆர்டுயினோ ஊனோ, மண்ணின் ஈரம் பார்க்கும் சென்சார், பம்பைப் போட்டு அணைக்கும் ரிலே, 5 வோல்ட் குட்டிப் பம்ப் எல்லாம், ஈயம் வைக்காமல் ஓட்டையில் வயரைச் செருகும் ஒரு பிரெட்போர்டில் கோத்திருந்தன.

"ஏனுங்ணா, பத்து நாளா புரோகிராமை மாத்தி மாத்திப் பாக்கறேனுங்க. ராத்திரியில நல்லா ஓடுதுங்க. காலையில ரிலே டக்டக்குனு அடிச்சுக்குதுங்க. மண்ணு நனைஞ்சாலும் பம்ப் நிக்கறதில்லைங்க."

புரோகிராமை நான் திறக்கவே இல்லை. ஒரே ஒரு கேள்விதான் கேட்டேன். "உங்க வீட்டுல தறி எப்ப ஓடும் சாமி?"

"காலையில ஆறு மணியில இருந்துங்க. ராத்திரி பத்துக்கு நிறுத்திருவாங்க."

தறிக்குடோனும் அவன் மேசையும் ஒரே சுவரின் இரு பக்கம். தறி ஓடினால் சுவர் அதிரும், மேசை அதிரும், பிரெட்போர்டும் அதிரும். எங்கோ ஒரு வயர் பட்டும் படாமலும் நிற்கிறது என்று அப்போதே தெரிந்துவிட்டது. அதற்குள் அவன் இரண்டாவதாக ஒரு ஊனோ போர்டும் சென்சாரும் வாங்கி மாட்டிப் பார்த்துவிட்டான். அப்பா தறிக்கூலியில் கொடுத்த பணம். என்னைக் கட்டுரை எழுத உட்கார வைத்தது அதுதான்.

மில், தறி இயந்திரங்களின் கன்ட்ரோல் போர்டுகளை 20 வருடத்துக்கு மேல் சரி செய்துவருகிறேன். பஞ்சுத்தூசி, ஈரக்காற்று, நாள் முழுக்க அதிர்வு என்று அங்கிருக்கும் எல்லாமே இணைப்புகளுக்குப் பகை. என் மேசைக்கு வரும் போர்டுகளில் ஐசி என்கிற சிப் செத்துப்போனவை குறைவு. கனெக்டர் தளர்ந்ததும், ஈயம் சரியாகப் பிடிக்காமல் டிரை சால்டர் ஆனதும்தான் அதிகம். பழகுகிறவர்களின் புராஜெக்டிலும் இதே கதைதான். ஆனால் அவர்கள் முதலில் புரோகிராமைச் சந்தேகப்படுகிறார்கள், அடுத்து சென்சாரை, கடைசியில் தங்களையே. "எனக்கு எலக்ட்ரானிக்ஸ் வராதுங்ணா" என்று பெட்டியைப் பரணில் ஏற்றிவிட்ட பிள்ளைகளை எனக்குத் தெரியும். அவர்கள் பிழை செய்யவில்லை, ஒரு வயர் தளர்ந்திருந்தது.

நம் ஊர் மோட்டார் பட்டறைகளில் இந்த அறிவு எப்போதும் உண்டு. 1937இல் இந்தியாவிலேயே முதல் மின்மோட்டாரைச் செய்த ஊர் கோவை. இங்கே காயில் கட்டுகிறவரிடம் கருகிப்போன மோட்டாரைக் கொண்டுபோனால், கழற்றுவதற்கு முன் "ஸ்டார்ட்டர்ல ஸ்குரூ எல்லாம் டைட்டா இருந்துச்சுங்களா?" என்று கேட்பார். மூன்று பேஸில் ஒன்று லூஸாகி விட்டுப்போனால் மீதி இரண்டும் சுமையை இழுத்து காயிலைக் கருக்கிவிடும் என்பது அவருக்குப் பட்டறிவு. 5 வோல்ட் வேலையிலும் அதே கேள்வியை முதலில் கேட்டால் போதும்.

பையனின் பெட்டிக்கு வருவோம். செல்போன் சார்ஜரிலிருந்து ஊனோவுக்குக் கரண்ட் வருகிறது. ஊனோவின் 5 வோல்ட்டும், கரண்ட் திரும்பிப் போகும் கிரவுண்டும் ஆளுக்கொரு ஜம்பர் வயர் வழியாகப் பிரெட்போர்டின் ஓர வரிசைக்குப் போகின்றன. சென்சார், ரிலே, பம்ப் மூன்றும் அங்கிருந்துதான் எடுத்துக்கொள்கின்றன. அதாவது மூன்றுக்கும் சேர்த்து ஒரே ஒரு கிரவுண்ட் வயர்.

அவனிடம் மல்டிமீட்டர் இருந்தது. பீப் சத்தம் வைத்து எல்லா வயரையும் பார்த்துவிட்டதாகச் சொன்னான். எல்லாமே கத்தியிருக்கிறது. பெரும்பாலானோர் ஏமாறுவது இங்கேதான். வயரில் 30 ஓம் தடை இருந்தாலும் பல மீட்டர்கள் பீப் என்று கத்தும், சில மீட்டர்கள் 50 ஓம் வரை கத்தும். அது கத்தினால் வயர் அறவே அறுந்துபோகவில்லை என்று மட்டும்தான் அர்த்தம், இணைப்பு நல்ல இணைப்பு என்று அர்த்தம் இல்லை. பீப் சோதனையைக் கரண்ட் இல்லாதபோதுதான் செய்கிறோம். கோளாறோ கரண்ட் ஓடும்போதுதான் தலைகாட்டுகிறது.

அதனால் நான் செய்யச் சொல்வது வேறு. புராஜெக்ட் ஓடிக்கொண்டே இருக்கட்டும். மீட்டரை டிசி 20 வோல்ட்டில் வையுங்கள். கறுப்பு முனை ஊனோவின் கிரவுண்ட் பின்னில். சிவப்பு முனை சென்சாரின் கிரவுண்ட் காலில், வயரில் அல்ல, காலில். இரண்டும் கிரவுண்டுதானே, சுழி காட்ட வேண்டும். பம்ப் நின்றிருந்தபோது கிட்டத்தட்ட சுழிதான் காட்டியது. பம்ப் ஓடத் தொடங்கியதும் 0.40 என்று ஏறியது. மேசையைத் தட்டினேன். எண் தாவியது, ரிலே டக்டக்கென்றது. பையன் கண்ணை எடுக்காமல் மீட்டரையே பார்த்துக்கொண்டிருந்தான்.

கணக்கு எளிது. அந்தப் பம்ப் ஏறக்குறைய 0.2 ஆம்பியர் இழுக்கிறது. தளர்ந்த இணைப்பில் 2 ஓம் இருந்தாலே 0.4 வோல்ட் அங்கே நின்றுவிடும். ஊனோ 5 வோல்ட்டை 1024 படியாகப் பிரித்துப் படிக்கிறது, ஒரு படி சுமார் 4.9 மில்லிவோல்ட். சென்சாரின் கிரவுண்ட் 0.4 வோல்ட் மேலே போனால் ஈர அளவில் 80 படி வரை பொய் ஏறும். அவன் சென்சாருக்கு எண் கூடினால் மண் காய்ந்திருக்கிறது என்று அர்த்தம். பம்ப் ஓட ஓட மண் காய்ந்ததாகவே தெரிந்தால் பம்ப் எப்படி நிற்கும்? புரோகிராம் தனக்கு வந்த எண்ணுக்குச் சரியாகத்தான் நடந்துகொண்டிருந்தது.

எந்த இடம் என்று கண்டுபிடிக்க, கையால் வயர்க்கூட்டத்தை அலசாதீர்கள். ஒன்றைத் தொட்டால் நான்கு ஆடும். பேனாவின் பின்முனையால் ஒவ்வொரு வயராக, அது நுழையும் ஓட்டைக்குப் பக்கத்தில், லேசாகத் தள்ளுங்கள். கண் மீட்டரில் இருக்கட்டும், இல்லையென்றால் ஊனோ படிப்பதைக் கம்ப்யூட்டரில் காட்டும் சீரியல் மானிட்டரில் ஓடும் எண்ணில். கிரவுண்டையும் 5 வோல்ட்டையும் முதலில் பாருங்கள், சிக்னல் வயர்கள் அப்புறம். எங்களுக்கு இரண்டாவது தள்ளலிலேயே கிடைத்துவிட்டது. கிரவுண்ட் ஜம்பர் நின்ற ஓட்டை.

பையனுக்குக் காட்டுவதற்காகப் பிரெட்போர்டின் பின்பக்க ஒட்டுத்தாளை உரித்து அந்த உலோகப் பட்டையைச் சாமணத்தால் வெளியே எடுத்தேன். ஒவ்வொரு ஓட்டைக்கும் அடியில் கொண்டை ஊசி போல இரண்டு மெல்லிய இதழ்கள் ஒன்றையொன்று அழுத்திக்கொண்டு நிற்கும். வயர் இடையில் போனால் கடித்துப் பிடிக்கும். மற்ற இதழ்கள் எல்லாம் மூடியிருந்தன, அந்த ஒரு ஜோடி மட்டும் வாய் பிளந்திருந்தது. முன்பு அதே ஓட்டையில் அடாப்டர் வயரை முறுக்கி, ஈயம் வைத்துத் தடியாக்கிச் செருகியிருக்கிறான். 0.6 மில்லிமீட்டர் அளவு கம்பிக்கான இடம் அது. தடித்த கம்பி ஒருமுறை போய்வந்தாலே இதழ் விரிந்துவிடும், பிறகு சுருங்காது. அப்படிப்பட்ட ஓட்டையை மார்க்கரால் கறுப்படித்து ஒதுக்கிவிடுங்கள்.

இன்னும் இரண்டு இடங்களை அடிக்கடி பார்க்கிறேன். நீளமான சில பிரெட்போர்டுகளில் ஓர வரிசை நடுவில் துண்டாகியிருக்கும். சிவப்புக் கோடு நடுவில் விட்டுப்போயிருந்தால் அதுதான் அடையாளம், ஒரு சின்ன வயரால் இரண்டு பாதியையும் இணைக்க வேண்டும். இன்னொன்று, பின்னைச் சால்டர் செய்யாமல் சும்மா செருகி வைப்பது. பெருந்துறையிலிருந்து வந்த ஒரு பாலிடெக்னிக் பெண்ணின் டிஸ்ப்ளே, விரலால் அழுத்தினால் எழுத்து காட்டும், விட்டால் வெறும் கட்டங்கள். "அழுத்திட்டே இருந்தா மார்க் போடுவாங்களாண்ணா?" என்று கண்கலங்கிக் கேட்டாள். "உக்காரு அம்மிணி" என்று சால்டரிங் அயர்னைக் கையில் கொடுத்தேன். அவளே பதினாறு காலையும் சால்டர் செய்து எடுத்துக்கொண்டு போனாள்.

சால்டரிங் பற்றி ஒன்று மட்டும். காலையும் போர்டின் செப்பையும் சேர்த்து இரண்டு மூன்று விநாடி சூடாக்கி, அந்தச் சூட்டில் ஈயத்தை உருக விட வேண்டும். அயர்ன் முனையில் ஈயத்தை உருக்கிக் கொண்டுபோய் ஒட்டினால் மேலே மணிபோல உருண்டு நிற்கும், உள்ளே பிடித்திருக்காது.

இதுவரை சொன்னது 5 வோல்ட். அதில் லூஸ் என்றால் ரிலே அடித்துக்கொள்ளும், அவ்வளவுதான். பிள்ளைகள் அடுத்துக் கேட்பது, "இதே ரிலேயில வீட்டு மோட்டாரைப் போடலாங்களா?" அங்கேதான் எனக்குப் பயம். 230 வோல்ட் லைனில் ஒரு ஸ்குரூ தளர்ந்து அரை ஓம் ஏறினால், 5 ஆம்பியர் ஓடும்போது அந்த ஒரு புள்ளியில் 12.5 வாட் சூடு பிறக்கும். பழகுகிறவர்களை நான் வாங்கச் சொல்லும் சால்டரிங் அயர்ன் 25 வாட். அதில் பாதிச் சூடு, பிளாஸ்டிக் பெட்டிக்குள், யாரும் பார்க்காத நேரத்தில். கரண்ட் கூடினால் விழும் எம்சிபி விழாது, கரண்ட் கூடவில்லையே. கரண்ட் கசிந்தால் விழும் ஆர்சிசிபியும் விழாது, கசிவு இல்லையே. கருகல் வாசம், பழுப்பேறிய பிளக், தொட்டால் சுடும் சுவிட்ச், இவைதான் எச்சரிக்கை. கண்டால் மெயினை அணைத்துவிட்டு லைசென்ஸ் உள்ள வயர்மேனைக் கூப்பிடுங்கள். பிரெட்போர்டிலும் ஜம்பர் வயரிலும் 230 வோல்ட் ஒருபோதும் ஓடக்கூடாது. ஸ்குரூவில் மாட்டும் பல இழைப் பிரிக்கம்பிக்கு ஈயம் வைக்கவும் கூடாது, அழுத்தத்தில் ஈயம் மெல்ல நசுங்கி, இறுக்கிய ஸ்குரூ தானாகவே தளர்ந்துவிடும். கம்பி முனையில் ஃபெரூல் என்கிற உலோகக் குழலைப் போட்டு இறுக்குங்கள்.

பையனின் கருவியை அன்றே, சால்டர் செய்து இணைக்கும் ஒரு டாட் போர்டுக்கு மாற்றினோம். பம்புக்குத் தனி கிரவுண்ட் வயர், சென்சாருக்குத் தனி. முதல் இரண்டு சால்டர் அவன் கையில் உருண்டுபோனது, மூன்றாவது நன்றாகப் படிந்தது, அப்புறம் எல்லாவற்றையும் அவனே முடித்தான். பழைய ரப்பர் செருப்பை வெட்டி நான்கு மூலையிலும் கால் வைத்தோம், வயர்களைப் பெட்டியோடு டேக் போட்டுக் கட்டினோம்.

திங்கட்கிழமை காலை ஏழு மணிக்குப் போன் வந்தது. தறிச்சத்தத்தில் பாதி கேட்கவில்லை. "அண்ணா, பம்ப் ஓடும்போது கிரவுண்டுல மீட்டர் வெச்சுப் பாத்தனுங்க," என்று கத்தினான். "0.01 தானுங்ணா!"