பலூன் போட்டால் எவ்வளவு சேர்த்து ஏற்றலாம்?

"அண்ணா, பின்னாடி பலூன் போட்டா எவ்வளவு சேத்து ஏத்தலாங்க?"

பட்டறைக்கு வரும் பிக்கப்காரர்களில் பாதிப் பேர் வண்டியை நிறுத்தியதும் கேட்பது இதைத்தான். பலூன் என்றால் பின் ஆக்சிலுக்கு மேலே மாட்டும், காற்று நிரப்பிய ரப்பர் பை. ஒரு கிலோகூடச் சேர்த்து ஏற்ற முடியாது என்று சொன்னால் முகம் சுருங்கிவிடும். "அப்புறம் எதுக்குங்க அதைப் போடணும்?" என்பார்கள். நியாயமான கேள்விதான்.

நாமக்கல் பக்கம் கமான் பட்டை (லீஃப் ஸ்பிரிங்) வேலை பார்க்கிறவன் நான். லாரியில் தொடங்கி, இப்போது பாதி வேலை பிக்கப்தான். முன்பெல்லாம் வண்டி உட்கார்ந்தால் பட்டை ஒன்று சேர்த்துக் கட்டச் சொல்வார்கள். கட்டினால் லோடுக்கு நிற்கும். ஆனால் காலியாக வரும்போது பின்பக்கம் துள்ளும், பிரேக் அடித்தால் டயர் ரோட்டைப் பிடிக்காது. இதில் தடிமன்தான் பலருக்குப் புரிவதில்லை. 8 மி.மீ. பட்டையை எடுத்துவிட்டு 10 மி.மீ. போட்டால் விறைப்பு கால்வாசி கூடும் என்று நினைக்கிறார்கள். ஏறக்குறைய இரண்டு மடங்காகிவிடும். அந்தத் துள்ளலுக்குப் பயந்துதான் இப்போது காற்றுக்கு வருகிறார்கள்.

ஆம்னி பஸ்ஸில் பார்த்திருப்பீர்கள், அதே ரப்பர் பலூன்தான், சின்ன அளவில். சேஸிஸுக்கும் (வண்டியின் அடிச்சட்டம்) பின் ஆக்சிலுக்கும் நடுவே பக்கத்துக்கு ஒன்று. கமான் பட்டை அப்படியே இருக்கும், பலூன் அதற்குக் கைகொடுக்கும். கணக்கு எளிது. 5 அங்குல விட்டமுள்ள பலூனில் 50 பி.எஸ்.ஐ. காற்று நிரப்பினால் அது தூக்குவது ஏறக்குறைய 445 கிலோ. இரண்டுக்கும் சேர்த்து 890. இந்த எண்ணைக் கேட்டதும் கண் விரியும். ஆனால் அந்த 890 கிலோ எங்கே போகிறது? அதே ஆக்சிலுக்கு, அதே பேரிங்குக்கு, அதே இரண்டு டயருக்குத்தான். பட்டை சுமந்ததைப் பலூன் சுமக்கிறது, அவ்வளவுதான். ஆர்.சி.யில் இருக்கும் கிராஸ் எடை, அதாவது வண்டியும் சரக்கும் சேர்ந்த மொத்த எடை வரம்பு, மாறாது.

டயரைக் குனிந்து பாருங்கள். அளவுக்குப் பக்கத்தில் 108/106 என்பது மாதிரி ஒரு எண் இருக்கும். முதல் எண் ஒற்றை டயருக்கு, அடுத்தது ஜோடி டயருக்கு. 106 என்றால் ஒரு டயர் 950 கிலோ தாங்கும், 108 என்றால் 1,000. பின்னால் பக்கத்துக்கு ஒரு 108 ஓடினால் மொத்தம் 2,000 கிலோ. அதுவும் டயரில் சரியான காற்று இருந்தால். இதற்குள்தான் ஆக்சில், பாடி, சரக்கு எல்லாம் அடங்க வேண்டும். எடை மேடையில் ஒருநாள் லோடோடு பின் சக்கரங்களை மட்டும் ஏற்றி எடை போட்டுப் பாருங்கள். அந்தச் சீட்டைப் பார்த்ததும் என்னிடம் வாதாடுவதை நிறுத்தியவர்கள் உண்டு. இன்னொன்று, ஆர்.சி.யில் இருக்கும் காலி எடையில் டிரைவர் எடை சேராது. நீங்களும் கிளீனரும் ஏறி உட்கார்ந்தாலே 140 கிலோ போச்சு.

இப்போது என் தவறு ஒன்றைச் சொல்கிறேன். கொல்லிமலையிலிருந்து பலாவும் வாழையும் இறக்கும் ஒருவருக்குப் பலூன் மாட்டிக் கொடுத்தேன். நன்றாக ஓடுகிறது என்றார். ஒரு மாதம் கழித்து வண்டியோடு வந்து நின்றார். காரவள்ளிக்கு இறங்கும் 70 கொண்டை ஊசி வளைவில் பாதி தாண்டுவதற்குள் முன் சக்கரத்தில் தீய்ந்த வாடையாம், பெடல் பஞ்சு மாதிரி உள்ளே போயிருக்கிறது. எப்படியோ ஓரம் கட்டி, ஆறவிட்டு இறங்கியிருக்கிறார். முன் டிஸ்க் நீலம் பாய்ந்து கிடந்தது. பின் டிரம்மைக் கழற்றினால் ஷூ புதுசு மாதிரி இருக்கிறது.

பார்த்த உடனே புரிந்தது. பல பிக்கப்களில் பின் ஆக்சிலுக்கு மேலே ஒரு சின்ன பிரேக் வால்வு இருக்கும். அதிலிருந்து ஒரு கம்பி ஆக்சிலுக்குப் போகும். வண்டி உட்கார்ந்தால் லோடு இருக்கிறது என்று எடுத்துக்கொண்டு பின் பிரேக்குக்கு அழுத்தத்தை முழுசாக விடும். வண்டி எழும்பியிருந்தால் காலி என்று நினைத்துக் குறைத்துவிடும். இவர் முழு லோடுக்கும் பலூனை அடித்து, காலி வண்டியைவிட உயரமாக வால் தூக்கி ஓட்டியிருக்கிறார். வால்வுக்கு வண்டி காலி. பின் பிரேக் பேருக்குத்தான் இருந்தது, மலை முழுக்க முன் பிரேக் ஒன்றே தாங்கியிருக்கிறது. மாட்டும்போதே நான் சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. (எல்லா வண்டியிலும் இந்த வால்வு இருக்காது. உங்கள் வண்டியில் இருக்கிறதா என்று பலூன் போடுவதற்கு முன்பே கேளுங்கள்.)

அதிலிருந்து என் வழக்கம் இதுதான். காலி வண்டியில் சக்கர நடுவிலிருந்து மட்கார்டு வரை டேப் பிடித்து அளந்து எழுதிக்கொள்வேன். ஆர்.சி. அனுமதிக்கும் லோடை ஏற்றி, பலூனில் வெறும் 5 பி.எஸ்.ஐ. வைத்து மறுபடி அளப்பேன். 8 செ.மீ. இறங்கியிருந்தால் 4 செ.மீ. எழும்பும்வரை மட்டும் காற்று. அதற்கு மேல் வேண்டாம். வண்டி கொஞ்சம் உட்கார்ந்தே ஓடட்டும். ஹெட்லைட் எதிரே வருபவன் கண்ணில் அடிக்காது, வளைவில் ஆட்டமும் குறையும். பலூன் போடுவதற்கு உண்மையான காரணமும் அவ்வளவுதான்.

இரண்டு பலூனையும் ஒரே காற்று டியூபில் 'T' வடிவ இணைப்பு போட்டுத் தருகிறவர்கள் இருக்கிறார்கள், செலவு கொஞ்சம் மிச்சம். கோழிக்கூண்டு, வைக்கோல் மாதிரி உயரமாக அடுக்கும் வண்டிக்கு அது கூடவே கூடாது. வளைவில் வெளிப்பக்கப் பலூன் நசுங்கி, அதன் காற்று உள்பக்கத்துக்கு ஓடும். சாய்கிற வண்டியை இன்னும் சாய்த்துவிடும். தனித்தனி வால்வு வையுங்கள்.

சேஸிஸ் விஷயமும் உண்டு. கமான் பட்டை எடையை முன்னும் பின்னுமாக இரண்டு இடத்தில் சேஸிஸுக்குக் கொடுக்கிறது. பலூன் ஆக்சிலுக்கு நேர் மேலே ஒரே இடத்தில் முட்டுகிறது. பின்கதவைத் தாண்டிக் கம்பி, பைப் என்று நீட்டிக்கொண்டு போகிறவர்களுக்கு இது ஆபத்து. சக்கர இடைவெளி 3 மீட்டர் உள்ள வண்டியில், பின் ஆக்சிலிலிருந்து 1 மீட்டர் தள்ளி 300 கிலோ தொங்கினால் பின் ஆக்சிலில் 400 கிலோ ஏறும், முன்னால் 100 கிலோ குறையும். பலூன் வாலைத் தூக்கிக் காட்டும். குறைந்த அந்த 100 கிலோவை முன்னால் கொண்டுவராது. ஸ்டியரிங் லேசாகிவிட்டது என்று சந்தோஷப்பட வேண்டாம். பலூனைப் பிடிக்கும் பிராக்கெட்டுக்கு மேலே சேஸிஸில் பெயிண்ட் முடி அளவு வெடித்திருந்தால் அன்றே நிறுத்துங்கள். பிராக்கெட்டைச் சேஸிஸில் வெல்டிங் வைக்கச் சொல்லாதீர்கள், போல்ட்தான்.

அதிக லோடுக்கு அபராதம் 2019 செப்டம்பரிலிருந்து 20,000 ரூபாய், கூடுதல் டன்னுக்கு 2,000 ரூபாய் தனி. நிமிர்ந்து நிற்கிற வண்டியை ஆர்.டி.ஓ. நிறுத்த மாட்டார் என்பதற்காகவே சிலர் பலூன் கேட்கிறார்கள். அவர்களுக்கு நான் மாட்டித் தருவதில்லை.

கொல்லிமலைக்காரர் இப்போதும் அதே பலூனில்தான் ஓட்டுகிறார். டேஷ்போர்டில் மார்க்கரில் "லோடு 35, காலி 10" என்று பெரிதாக எழுதி வைத்திருக்கிறார். காலையில் டியூப் முனைகளில் சோப்புத் தண்ணீர் தடவி, குமிழி வருகிறதா என்று பார்ப்பாராம். "காலியா வரும்போது காத்து இறக்கறதுதாங்க மறந்துருது" என்று போன வாரமும் சொன்னார்.