பிரேயஸ் துறைமுகத்தைப் பார்க்காத கிரேக்கக் கப்பல்கள்

கிரேக்கத்தின் மக்கள்தொகை ஒரு கோடியைச் சற்றே தாண்டும். ஆனால் உலக வணிகக் கப்பல்களின் மொத்தச் சுமைத்திறனில் ஏறக்குறைய ஆறில் ஒரு பங்கு கிரேக்க முதலாளிகளின் கையில் இருக்கிறது. சீனாவும் ஜப்பானும் அவர்களுக்குப் பின்னால்தான்.

இந்தக் கப்பல்களில் பெரும்பாலானவை தாய்நாட்டுக்கு வருவதே இல்லை. கட்டுவது கொரியாவிலோ சீனாவிலோ ஜப்பானிலோ. பறப்பது பல நேரம் லைபீரியா, மார்ஷல் தீவுகள், மால்டா கொடி. மாலுமிகள் பிலிப்பினோக்கள், உக்ரைனியர், இந்தியர். ஏற்றுவது பிரேசில் சோயா. இறக்குவது சீனத் துறைமுகம். அப்படியானால் கிரேக்கத்துக்கு இதில் என்ன வேலை? கப்பலை எப்போது வாங்குவது, எந்தச் சரக்குக்கு விடுவது, எப்போது விற்பது என்ற முடிவுகள் ஏதென்ஸிலும் அதன் துறைமுகமான பிரேயஸிலும் உள்ள அலுவலகங்களில் எடுக்கப்படுகின்றன. நாடு சம்பாதிப்பது அந்த முடிவுகளில்.

கன்டெய்னர் கப்பல் கால அட்டவணைப்படி ஓடும் பேருந்து என்றால், தானியம், நிலக்கரி போன்றவற்றை அப்படியே கொட்டி ஏற்றும் கிரேக்கர்களின் பல்க் கப்பல் நாமக்கல் லாரி. சரக்கு கிடைக்கும் இடத்துக்குப் போகும்; இறக்கிய ஊரில் ரிட்டன் லோடு இல்லையென்றால் காலியாக ஓடும். கடலில் அந்தக் காலி ஓட்டத்துக்கு பேலஸ்ட் ஓட்டம் என்று பெயர்: கப்பல் நிலையாக மிதக்கத் தொட்டிகளில் கடல்நீரை நிரப்பிக்கொண்டு போகும். கூலி இல்லை, எரிபொருள் செலவு மட்டும் உண்டு.

ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். எண்கள் உதாரணத்துக்காக வைத்துக்கொண்டவை. 82,000 டன் சுமைத்திறன் கொண்ட கம்சர்மேக்ஸ் கப்பல் (கினியாவின் கம்சர் துறைமுகத்துக்குள் நுழையத் தக்க 229 மீட்டர் நீளம் என்பதால் அந்தப் பெயர்) சிங்கப்பூரிலிருந்து காலியாக பிரேசிலின் சான்டோஸ் துறைமுகத்துக்குப் போய், 75,000 டன் சோயா ஏற்றிச் சீனாவுக்கு வருகிறது. 13 நாட் (மணிக்குச் சுமார் 24 கி.மீ.) வேகத்தில் போக 28 நாள், வர 37 நாள், துறைமுகங்களில் 13 நாள். ஆக 78 நாள். டன்னுக்கு 40 டாலர் கூலி என்றால் வரவு 30 லட்சம் டாலர். நாளொன்றுக்குச் சுமார் 30 டன் எரிபொருள் என்று 2,000 டன், டன் 600 டாலர் வீதம் 12 லட்சம். துறைமுகக் கட்டணம் 2 லட்சம். தரகு 3.75 சதவீதம். மிச்சத்தை 78 ஆல் வகுத்தால் நாளுக்குச் சுமார் 19,000 டாலர். தொழிலில் எல்லோரும் பேசுவது இந்த நாள் வருமானத்தைத்தான்.

இப்போது கூலியை 30 டாலராகக் குறையுங்கள். குறைந்தது கால் பங்கு. ஆனால் எரிபொருளும் துறைமுகமும் அப்படியே நிற்பதால், நாள் வருமானம் 9,800க்கு, கிட்டத்தட்டப் பாதிக்கு, விழுந்துவிடும். மாலுமிச் சம்பளம், உதிரிபாகம், மசகு எண்ணெய், காப்பீடு எல்லாம் சேர்த்து நாளுக்கு 6,500 டாலர் போகட்டும். பாக்கி 3,300. வங்கித் தவணை 8,000 என்றால் கதை கந்தல்.

அப்போது முதலாளி முதலில் கைவைப்பது வேகத்தில். எஞ்சினுக்குத் தேவையான திறன் ஏறத்தாழ வேகத்தின் கனத்துக்கு (வேகம் × வேகம் × வேகம்) ஏற்ப மாறும். 13 நாட்டை 11.5 ஆக்கினால் 30 டன் சுமார் 21 டன்னாகிறது. பயண நாட்கள் 13 சதவீதம்தான் கூடுகின்றன. எல்லோரும் மெதுவாக ஓட்டினால் சந்தையில் கப்பல் வரத்தும் குறைந்து கூலி சற்றுத் தேறும். ஆனால் எஞ்சினை மிகக் குறைந்த சுமையில் வாரக்கணக்கில் ஓட்டினால் எரிதல் அரைகுறையாகும். எஞ்சினுக்குக் காற்றை அழுத்தித் தரும் டர்போசார்ஜரிலும் புகைவழியிலும் கரி படியும். அதனால் இடையிடையே சில மணி நேரம் சுமையைக் கூட்டி ஓட்டிக் கரியை எரித்துத் தள்ளுவார்கள்.

பணம் சத்தமில்லாமல் கசியும் இன்னொரு இடம் சரக்கு அறை. முந்தைய பயணத்தில் நிலக்கரி ஏற்றியிருந்தால், தானியத்துக்கு முன் ஏழு அறைகளையும் கூட்டி, கடல்நீரால் பீய்ச்சி, ரசாயனம் தெளித்து, கடைசியில் நன்னீரால் கழுவி உலர்த்த வேண்டும். உப்பு தங்கினாலும் குற்றம், உத்தரத்தின் மேல்பக்கம் ஒரு பிடி கரித்தூள் இருந்தாலும் குற்றம், உதிரும் துரு இருந்தாலும் குற்றம். ஆய்வாளர் நிராகரித்தால், கப்பல் தயார் என்று கேப்டன் கொடுத்த அறிவிப்பு பல ஒப்பந்தங்களின்படி செல்லாது. சரக்கு ஏற்றும் நேரக் கணக்கு ஓடாது. ஏற்றுபவர் தாமதித்தால் கப்பலுக்கு டெமரேஜ், அதாவது தாமதக் கட்டணம், வர வேண்டும். இங்கே அந்த உரிமையும் போய், வரிசையில் இடமும் போய்விடக்கூடும். மாலுமிகள் நான்கு நாள் துடைப்பம் பிடிப்பது வீட்டு வேலை மாதிரி தெரியலாம். நாளுக்கு 19,000 டாலரை மனத்தில் வைத்துப் பார்த்தால் அதன் விலை புரியும்.

ஆனால் பெரும் செல்வம் கூலியில் சேர்ந்ததைவிடக் கப்பலை வாங்கி விற்பதில் சேர்ந்தது என்றே சொல்ல வேண்டும். உலர் சரக்குக் கூலியின் அளவுகோலான பால்டிக் குறியீடு 2008 மே மாதம் 11,793 புள்ளியைத் தொட்டது. அதே ஆண்டு டிசம்பரில் 663. 2016 பிப்ரவரியில் 290 வரை இறங்கியது. புதுக் கப்பல் கட்ட ஏறக்குறைய இரண்டு, மூன்று ஆண்டுகள் பிடிக்கும். கூலி உச்சத்தில் இருக்கும்போது ஆர்டர் கொடுத்தவை, சந்தை சரிந்த பிறகு வரிசையாக வந்து இறங்கும். இந்தச் சுழற்சியின் அடியில் வாங்கி உச்சத்தில் விற்பது கியோஸ், ஆன்ட்ரோஸ் போன்ற தீவுக் குடும்பங்களின் பழைய வித்தை. இரண்டாம் உலகப் போரில் தங்கள் வணிகக் கப்பல்களில் பெரும்பகுதியை இழந்த அவர்கள், 1946 முதல் கிரேக்க அரசின் உத்தரவாதத்தோடு அமெரிக்காவிடம் 100 லிபர்ட்டி கப்பல்களைக் கடனில் வாங்கித்தான் எழுந்தார்கள். 11 நாட் வேகம், சுமார் 10,000 டன் சுமைத்திறன். போர்க்கால அவசரத்தில் கட்டிய, அழகில்லாத, உழைக்கும் கப்பல்கள். கணிப்பு தவறியதும் உண்டு: 1980களின் சரிவில் ஏதென்ஸுக்கு அருகிலுள்ள எலெஃப்சினா விரிகுடாவில் வேலையற்ற கப்பல்கள் பக்கத்தில் பக்கம் கட்டிக் கிடந்தன.

இந்தப் பணம் நாட்டுக்குள் எப்படி வருகிறது? கிரேக்கம் விற்பதைவிட அதிகம் பொருள் வாங்கும் நாடு. அந்தப் பள்ளத்தை நிரப்பும் இரண்டு பெரிய வரவுகள் சுற்றுலாவும் கப்பல் சேவையும். ஆனால் கப்பல் வரவை முழுதாக எண்ணிவிடக் கூடாது: எரிபொருள், துறைமுகக் கட்டணம், வெளிநாட்டு மாலுமிச் சம்பளம், கடன் வட்டி எல்லாம் வந்த வழியே வெளியேறும். உள்ளே தங்குவது அலுவலகச் சம்பளம், கிரேக்கக் கப்பல் அதிகாரிகளின் ஊதியம், வழக்கறிஞர், தரகர், பிரேயஸுக்குப் பக்கத்து ஊரான பெராமாவின் பழுதுபார்க்கும் பட்டறைகள், முதலாளிகள் ஊரில் போடும் முதலீடு. வெளிநாட்டுக் கொடிக் கப்பல்களை நிர்வகிக்கும் அலுவலகங்களுக்கு 1967இன் 89ஆம் எண் சட்டம் வரிச்சலுகை கொடுத்தது. பதிலுக்கு ஒவ்வோர் அலுவலகமும் ஆண்டுதோறும் அந்நியச் செலாவணியைக் கொண்டுவந்து மாற்றியாக வேண்டும்.

வரியில்தான் விவாதம். 1975இன் 27ஆம் எண் சட்டப்படி கப்பலுக்கான வரி லாபத்தைப் பார்த்துப் போடப்படுவதில்லை. டன் அளவையும் வயதையும் வைத்துப் போடப்படுகிறது. நட்டம் வந்தாலும் கட்ட வேண்டும். லாபம் பத்து மடங்கானாலும் ஏறாது. முதலாளிகளுக்கு இது வசதி, நாளையே கொடியையும் அலுவலகத்தையும் வேறு நாட்டுக்கு மாற்றக்கூடிய தொழிலைப் பிடித்துவைக்க அரசுக்கு இது ஒரு வழி. அந்தக் கம்சர்மேக்ஸ் கிரேக்கக் கொடியில் ஓடியிருந்தால், கூலி உச்சத்தில் இருந்த 2008இல் அது கட்டியிருக்கக்கூடிய வரிக்கும், அடிமட்டத்தில் கிடந்த 2016இல் கட்டியிருக்கக்கூடிய வரிக்கும் இடையே, வயதும் விகித மாற்றமும் தவிர வேறு காரணத்தால் வித்தியாசம் வந்திருக்காது.