வம்சமா, மரபா? ஹாப்ஸ்பர்க் கதையோடு ஒரு சொல் விளக்கம்

முதல் உலகப்போரைப் பற்றிப் படிக்கும் பிள்ளைகள் ‘ஹாப்ஸ்பர்க் வம்சம்’ என்ற இடத்தில் கொஞ்சம் தடுக்கி நிற்பார்கள். முதல் சொல் வாயில் நுழையாது. இரண்டாவது சொல் தெரிந்ததுபோல இருக்கும், பொருள் கேட்டால் சொல்ல வராது. இரண்டையும் பிரித்துப் பார்த்துவிடலாம்.

ஹாப்ஸ்பர்க் என்பது முதலில் ஒரு கோட்டையின் பெயர். இன்றைய சுவிட்சர்லாந்தின் ஆர்கவ் மாநிலத்தில், ஆரே ஆற்றுக்கு அருகே ஒரு குன்றின்மேல் அந்தக் கோட்டை இன்னும் இருக்கிறது. ஏறக்குறைய 1,000 ஆண்டுகளுக்கு முன் ராட்போட் என்ற சிற்றரசர் கட்டியது. அவருடைய வேட்டைப் பறவை பறந்துபோய், தேடியபோது அந்தக் குன்றில் உட்கார்ந்திருந்ததாம். அதனால் அங்கேயே கோட்டை கட்டினார் என்று கதை சொல்வார்கள். ஜெர்மன் மொழியில் ‘ஹாபிஷ்ட்’ என்றால் வல்லூறு போன்ற ஒரு வேட்டைப் பறவை, ‘புர்க்’ என்றால் கோட்டை. நம் வழக்கில் வல்லூற்றுக்கோட்டை. பழைய ஜெர்மனில் ஆற்றைக் கடக்கும் துறைக்கு இருந்த ‘ஹாப்’ என்ற சொல்லிலிருந்து வந்தது என்போரும் உண்டு. அப்படியானால் துறைக்கோட்டை. ஆறு பக்கத்திலேயே ஓடுவதால் அதையும் தள்ளிவிட முடியாது. புதுக்கோட்டை, பட்டுக்கோட்டை என்று சொல்லிப் பழகிய நமக்கு, கோட்டையால் ஊருக்குப் பெயர் வருவது புதிதல்ல. இங்கே ஒரு குடும்பத்துக்கே அப்படிப் பெயர் வந்தது.

சரி, வம்சம்? வமிசம் என்றும் எழுதுவார்கள். வடமொழிச் சொல். அதற்கு மூங்கில் என்றும் பொருள் உண்டு! புல்லாங்குழலை வம்சி என்பதும் இதனால்தான். மூங்கில் கணு கணுவாக வளர்கிறது அல்லவா, தாத்தா ஒரு கணு, அப்பா ஒரு கணு, பிள்ளை ஒரு கணு என்று குடும்பமும் அப்படியே நீள்கிறது. நாம் ‘வாழையடி வாழை’ என்கிறோம், அவர்கள் மூங்கிலைப் பார்த்திருக்கிறார்கள்.

ஆங்கிலத்தில் இதை டைனஸ்டி என்பார்கள். அது கிரேக்கத்திலிருந்து வந்தது. அதன் வேருக்கு ஆற்றல், வல்லமை என்று பொருள். டைனமோ, டைனமைட் எல்லாம் அதே வேர்தான். அந்தச் சொல்லில் முதலில் குடும்பமே கிடையாது, அதிகாரம் மட்டும்தான். ஒரே குடும்பத்தின் கையில் தொடர்ந்து இருக்கும் ஆட்சி என்ற பொருள் பிறகு வந்து ஒட்டிக்கொண்டது.

தமிழில் குடி, குலம், மரபு என்று மூன்று சொற்கள் கையில் இருக்கின்றன. திருக்குறளில் ‘குடிமை’ என்றால் நல்ல குடும்பத்தில் பிறந்ததன் இயல்பு. ஆனால் இன்று குடி என்றதும் குடிமக்கள்தான் நினைவுக்கு வருகிறார்கள், அரசரைச் சொல்லப் பொருந்தாது. குலம் என்றால் சாதி குறுக்கே வந்து நிற்கிறது. மரபுதான் சரியான சொல் என்பேன். காரணம் ஹாப்ஸ்பர்க் கதையிலேயே இருக்கிறது.

1273இல் இந்தக் குடும்பத்தின் ருடால்ஃப் ஜெர்மானியர்களின் அரசராகத் தேர்ந்தெடுக்கப்பட்டார். 1278இல் பொஹீமிய அரசர் ஒட்டோகரைப் போரில் வென்று ஆஸ்திரியாவைக் குடும்பச் சொத்தாக்கினார். அப்புறம் 1415இல் சுவிஸ் கூட்டமைப்பினர் ஆர்கவைப் பிடித்தபோது, பெயர் கொடுத்த கோட்டையே கைவிட்டுப் போனது. பெயர் மட்டும் நிலைத்தது.

பிறகு அவர்கள் வளர்ந்தது பெரும்பாலும் கல்யாணத்தால். 1477இல் மாக்சிமிலியன், நெதர்லாந்தையும் ஆண்ட பர்கண்டி சிற்றரசின் வாரிசான மேரியை மணந்தார். அவர்கள் மகன் பிலிப் ஸ்பெயின் இளவரசி ஹுவானாவை மணந்தார். பிலிப்பின் மகன் சார்லஸுக்கு என்ன ஆயிற்று பாருங்கள்: அப்பாவைப் பெற்ற பாட்டி வழியில் நெதர்லாந்து, அம்மா வழியில் ஸ்பெயினும் இத்தாலியில் பாதியும் அமெரிக்க நிலங்களும், அப்பாவைப் பெற்ற தாத்தா வழியில் ஆஸ்திரியா. 19 வயதில் அவர் பேரரசர்! ‘மற்றவர்கள் போர் செய்யட்டும், பேறுபெற்ற ஆஸ்திரியாவே, நீ மணம் செய்துகொள்’ என்று லத்தீனில் ஒரு வரியே உண்டு.

ஆனால் வந்த நாடு வெளியே போய்விடக் கூடாதே! அதனால் சொந்தத்துக்குள்ளேயே மணம் முடிக்கத் தொடங்கினார்கள். ஸ்பெயினின் நான்காம் பிலிப் மணந்தது தன் தங்கை மகளை. தாய்மாமனுக்கே பெண் கொடுப்பது நம் ஊரிலும் தெரிந்த வழக்கம்தான். அங்கே அது தலைமுறை தலைமுறையாக, திரும்பத் திரும்ப நடந்தது. நீண்டு முன்தள்ளிய கீழ்த்தாடை அந்தக் குடும்பத்தின் அடையாளமாகவே ஆகி ஓவியங்களில் பதிந்திருக்கிறது. நான்காம் பிலிப்பின் மகன் இரண்டாம் சார்லஸ் பிறந்ததிலிருந்தே நோயாளி. 1700இல் பிள்ளை இல்லாமல் இறந்தார். ஸ்பெயின் கிளை அதோடு முடிந்தது, அந்த அரியணைக்காக ஐரோப்பாவில் பெரும்போர் மூண்டது. அந்தச் சிறுவனை நினைத்தால் எனக்கு மனது கனக்கிறது. அவன் செய்த பிழை எதுவும் இல்லை.

இப்போது மரபு என்ற சொல்லுக்கு வருவோம். தொல்காப்பியத்தில் மரபியல் என்றொரு இயல் உண்டு. பார்ப்பு, பறழ், குட்டி, கன்று என எந்த உயிரின் இளமைக்கு எந்தப் பெயர் என்று வழிவழியாக வந்த வழக்கை அது சொல்கிறது. இன்றைய அறிவியலில் மரபியல் என்றால் பெற்றோரிடமிருந்து பிள்ளைக்கு உடற்கூறு இறங்குவதைப் படிப்பது. மரபு என்றால் வழித்தோன்றலும்தான், பழக்கவழக்கமும்தான், மரபணுவும்தான். ஹாப்ஸ்பர்க் பிள்ளைகளுக்கு அரியணையும், சொந்தத்தில் மணக்கும் வழக்கமும், தாடையும் சேர்ந்தே இறங்கின. மூன்றையும் ஒரே சொல்லில் பிடிக்க வம்சத்தாலும் முடியாது, டைனஸ்டியாலும் முடியாது.

ஆஸ்திரியக் கிளையில் ஆண் வாரிசு இல்லாமல் 1740இல் மரியா தெரேசா பட்டத்துக்கு வந்தார். அவருக்கு 16 பிள்ளைகள். பிரான்சின் அரசியான மரி அன்துவானெத் அவர்களில் ஒருவர். மரியா தெரேசாவின் பெயர் நமக்கு அருகிலும் இருக்கிறது. 1778இல் ஆஸ்திரியர்கள் நிக்கோபார் தீவுகளில் குடியேற முயன்றார்கள். முயற்சி நிலைக்கவில்லை, தெரேசா என்ற தீவின் பெயர் நிலைத்தது. இராசேந்திர சோழரின் மெய்க்கீர்த்தி ‘மாநக்கவாரம்’ என்று சொல்வது இதே நிக்கோபாரைத்தான். ஒரே தீவுக்கூட்டத்தில் இரண்டு அரசமரபுகளின் சுவடு!

1914இல் சரயேவோ நகரில் இந்த மரபின் பட்டத்து இளவரசர் ஃபிரான்ஸ் ஃபெர்டினாண்ட் சுடப்பட்டார், உலகப்போர் மூண்டது. 1918இல் கடைசிப் பேரரசர் கார்ல் ஆட்சியிலிருந்து விலகினார்.

ஆக, எழுதும்போது குடும்பத்தைச் சொன்னால் ஹாப்ஸ்பர்க் அரசமரபு, அதில் பிறந்தவர்களைச் சொன்னால் ஹாப்ஸ்பர்க் மரபினர். ஆட்சியை மட்டும் சொல்ல வேண்டுமென்றால் ஹாப்ஸ்பர்க் ஆட்சி, அது போதும்.