கண்ணைக் கட்டிக்கொண்டு படிக்கும் குழந்தைகள்

கண்ணைக் கட்டிவிட்டாலும் தங்கள் பிள்ளை நிறம் சொல்கிறான், ரூபாய் நோட்டின் எண்ணைக்கூடப் படித்துவிடுகிறான் என்று பெருமிதத்தோடு சொல்லும் பெற்றோரைக் குழந்தைகள் மனநல மருத்துவர் என்ற முறையில் அவ்வப்போது சந்திக்கிறேன். ‘மிட்பிரெயின் ஆக்டிவேஷன்’ என்ற பெயரில் நடத்தப்படும் வகுப்புகளுக்கு ஆயிரக்கணக்கில் கட்டணம் செலுத்தியவர்கள் அவர்கள். உறங்கிக் கிடக்கும் நடுமூளையை இசையைக் கொண்டு எழுப்பிவிட்டால் இந்த ஆற்றல் வெளிப்படும் என்பது அங்கே தரப்படும் விளக்கம்.

நடுமூளை யாருக்கும் உறங்கிக் கிடப்பதில்லை. ஏறத்தாழ 2 சென்டிமீட்டர் நீளமுள்ள அந்தப் பகுதிதான் கண் அசைவுகளையும், வெளிச்சத்துக்கு ஏற்பக் கண்மணி சுருங்குவதையும் நெறிப்படுத்துகிறது. நம்மை விழிப்போடு வைத்திருப்பதிலும் அதற்குப் பங்குண்டு. அது உண்மையிலேயே செயலற்றிருந்தால் குழந்தை வகுப்புக்கு நடந்து போயிருக்கவே முடியாது.

வயிற்றுவலி என்று அழைத்துவரப்பட்ட பத்து வயதுச் சிறுவன் ஒருவன், என் அறையில் கண்ணைக் கட்டிக்கொண்டு அட்டையை வயிற்றுக்கு நேராகத் தாழ்த்திப் பிடித்து, தலையைச் சற்றே உயர்த்தி, நிறங்களைத் தவறின்றிச் சொன்னான். மூக்குத் தண்டின் இருபுறமும் துணி ஒட்டாமல் நிற்கும் சிறு இடைவெளி அதற்குப் போதும். அதே அட்டையை அவன் நெற்றிக்கு நேராக நான் பிடித்தபோது அவனால் ஒன்றையும் சொல்ல முடியவில்லை. இந்தச் சோதனையை எந்த வீட்டிலும் செய்து பார்க்கலாம்.

இது புதிதுமல்ல. மனோசக்தி தனக்கு உண்டு என்று சொல்லிக்கொண்ட யூரி கெல்லர் 1973-இல் பிரிட்டிஷ் தொலைக்காட்சியில் கரண்டியை வளைத்துக் காட்டிய பிறகு, தங்களுக்கும் அந்த ஆற்றல் இருப்பதாகப் பல குழந்தைகள் கூறினர். இங்கிலாந்தின் பாத் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் பாம்ப்ளின், காலின்ஸ் இருவரும் அவர்களுள் ஆறு பேரைச் சோதித்து, முடிவை 1975-இல் ‘நேச்சர்’ அறிவியல் இதழில் வெளியிட்டார்கள். அறைக்குள் இருந்த பார்வையாளர் வேண்டுமென்றே கவனத்தைத் தளர்த்திக்கொள்ள, ஒருவழிக் கண்ணாடிக்குப் பின்னாலிருந்து பார்த்தவர்களோ, ஒரு குழந்தை கம்பியைக் காலடியில் வைத்து வளைப்பதையும், வேறு சிலர் இரு கைகளாலும் கரண்டியை வளைப்பதையும் கண்டார்கள்.

இதற்காகக் குழந்தையைப் பொய்யன் என்று திட்டுவது மிகப்பெரிய அநீதி. இடைவெளி வழியே தெரிகிறது என்று முதல் நாளே சொல்லும் குழந்தைக்குப் பாராட்டுக் கிடைப்பதில்லை. சொல்லாத குழந்தைக்குக் கைதட்டல் கிடைக்கிறது. அதன் பிறகு அப்பா கட்டிய பணமும் அம்மாவின் பெருமையும் சேர்ந்து அதன் வாயை அடைத்துவிடுகின்றன. உறவினர் முன்னிலையில் செய்துகாட்டச் சொல்லும்போதெல்லாம் அகப்பட்டுவிடுவோமோ என்ற அச்சம் வருகிறது. நான் குறிப்பிட்ட சிறுவனுக்கு வயிற்றுவலி வந்ததும் விருந்தாளிகள் வரும் நாள்களில்தான்.

குழந்தையைக் குற்றவாளியாக்காமல், பெரியவர்களாகிய நாங்கள்தான் தவறாக நம்பிவிட்டோம் என்று பெற்றோரே அதனிடம் சொல்ல வேண்டும் என்பது என் ஆலோசனை. அந்தத் தந்தை என் முன்னிலையிலேயே அப்படிச் சொல்லி, இனி யாருக்கும் செய்துகாட்ட வேண்டாம் என்றபோது, மகன் கேட்டது ஒன்றுதான்: “மாமாகிட்டயும் நீங்களே சொல்லிருவீங்களாப்பா?”