தச்சு வேலை தெரிந்தவர்களுக்கு அரசு என்ன தருகிறது?

தச்சு வேலை தெரிந்தவருக்குக் கையில் தொழில் இருக்கும், அதைக் காட்ட ஒரு தாள் இருக்காது. வங்கியிலும் கம்பெனியிலும் அவர் தடுக்கி நிற்பது அங்கேதான். தமிழ்நாட்டில் இதற்கு இருக்கும் வழிகள் வயதுக்கு ஏற்ப மாறும்.

பட்டறை வைத்திருப்பவர், அல்லது வைக்க நினைப்பவர், 35 வயதைத் தாண்டியிருந்தால் முதலில் பார்க்க வேண்டியது கலைஞர் கைவினைத் திட்டம். 2025 ஏப்ரலில் குன்றத்தூரில் தொடங்கப்பட்டது. 25 வகைத் தொழில்களில் மரவேலையும் ஒன்று. 3 லட்சம் ரூபாய் வரை வங்கிக் கடன். அதில் 25 சதவீதம் மானியம், ஆனால் 50,000 ரூபாய்க்கு மேல் போகாது. கணக்குப் போட்டால், 2 லட்சம் வாங்கினாலும் 3 லட்சம் வாங்கினாலும் மானியம் அதே 50,000தான். அதனால் டேபிள் சா (மேசை ரம்பம்), ரவுட்டர் (மரத்தில் பள்ளம் வெட்டும் மிஷின்) என்று உண்மையில் தேவைப்படும் மிஷினுக்கு மட்டும் கொட்டேஷன் வாங்குங்கள். மானியத்தை நினைத்துக் கடனைப் பெருக்க வேண்டாம். இது தவிர 5 சதவீத வட்டி மானியமும், தொழில் பயிற்சியும் உண்டு. விண்ணப்பிக்க மாவட்டத் தொழில் மையத்துக்குப் போகலாம்.

மத்திய அரசின் விஸ்வகர்மா திட்டத்தில் தச்சர்களுக்கு நாளுக்கு 500 ரூபாய் உதவித்தொகையுடன் பயிற்சியும், கருவி வாங்க 15,000 ரூபாயும் உண்டே என்று பலர் கேட்கிறார்கள். குடும்பத் தொழிலை அடிப்படையாக வைத்து, 18 வயதிலேயே பிள்ளைகளை அதில் சேர்க்க வழிசெய்கிறது என்று சொல்லி, அந்த வடிவில் அதைச் செயல்படுத்த மாட்டோம் என 2024 நவம்பரில் தமிழக அரசு அறிவித்தது. கைவினைத் திட்டத்தில் உங்கள் அப்பா ஆசாரியாக இருந்தாரா என்ற கேள்வியே கிடையாது. எந்தச் சாதியில் பிறந்தவரும் உளி பிடிக்கலாம். எனக்கு இதுதான் நியாயமாகப் படுகிறது.

சரி, வயது குறைந்தவர்கள்? ஐடிஐயில் தச்சர் பிரிவு இருக்கிறது. ஒரு வருடப் படிப்பு, எட்டாம் வகுப்புத் தேர்ச்சி போதும். அரசு ஐடிஐ என்றால் கல்விக் கட்டணம் இல்லை. மாதம் 750 ரூபாய் உதவித்தொகையும் பஸ் பாஸும் கிடைக்கும். எல்லா ஐடிஐயிலும் இந்தப் பிரிவு கிடையாது, விசாரித்துவிட்டு விண்ணப்பியுங்கள். அங்கே இழைப்புளி பிடிப்பதையும் மூட்டு போடுவதையும் தாண்டி, வரைபடம் படிக்கச் சொல்லித் தருவார்கள். நம் பட்டறைகளில் அடி, இன்ச்சில்தான் பேச்சு. மாடுலர் கிச்சன் கம்பெனியில் வரும் வரைபடமோ மில்லிமீட்டரில் இருக்கும். அதைப் பார்த்ததும் புரிந்துகொள்கிறவருக்கு மரம் அறுப்பதோடு வேலை நிற்காது. அளவெடுப்பது, மேற்பார்வை என்று மேலே போகலாம்.

பல வருடமாக வேலை செய்தும் சான்றிதழ் இல்லாதவர், முன் அனுபவத்தை மதிப்பிட்டுச் சான்று தரும் முறையைப் பற்றித் திறன் பயிற்சி அலுவலகத்தில் கேட்கலாம்.

கட்டட வேலைக்குப் போகும் தச்சர்கள் கட்டுமானத் தொழிலாளர் நல வாரியத்தில் கட்டாயம் பதிந்துவிடுங்கள். பிள்ளைகளின் படிப்புக்கு உதவி, 60 வயதுக்குப் பின் ஓய்வூதியம் எல்லாம் அந்தப் பதிவை வைத்துத்தான். பதிவைப் புதுப்பிக்கும் தேதியையும் தவறவிடாதீர்கள்.

அப்புறம், வளைகுடா நாடுகளுக்கு ஷட்டரிங் (கான்கிரீட் ஊற்றப் பலகை அடிக்கும்) வேலைக்குப் போகிறவர்கள்: பத்தாம் வகுப்புத் தேர்ச்சி இல்லையென்றால் பொதுவாகப் பாஸ்போர்ட்டில் குடியகல்வு அனுமதி, அதாவது வெளிநாட்டு வேலைக்குப் போக அரசு தரும் அனுமதி, தேவை என்ற குறிப்பு இருக்கும். பதிவுபெற்ற ஏஜென்ட் மூலம் அந்த அனுமதியை வாங்கிய பிறகே கிளம்புங்கள். டூரிஸ்ட் விசாவில் போய் அங்கே மாற்றிக்கொள்ளலாம் என்று எந்த ஏஜென்ட் சொன்னாலும் பணத்தைக் கொடுக்காதீர்கள்.