ஹேண்டில்பாரில் டிரில் போடாதீங்க, ப்ளீஸ்

மவுண்ட் மாட்ட ஓட்டை போட்டு விரிசல் விட்ட சைக்கிள் பார், இந்த வருஷம் இது மூன்றாவது. வேளச்சேரியிலிருந்து ஒரு தம்பி வந்தார். "அண்ணா, ஸ்பீட் பிரேக்கர்ல கிறீச்சுன்னு சத்தம் வருது. ஹெட்செட்டுக்குக் கொஞ்சம் கிரீஸ் வச்சிடுங்க." ஹெட்செட்டில், அதாவது ஹேண்டில் திரும்பும் இடத்து பேரிங்கில், ஒன்றுமில்லை. பாரை நடுவில் பிடித்திருக்கும் ஸ்டெம்முக்குப் பக்கத்தில், வேகமும் தூரமும் காட்டும் சைக்கிள் கம்ப்யூட்டரை மாட்டும் மவுண்ட் இருந்தது. அதைக் கழற்றினேன். கீழே 5 மி.மீ. ஓட்டை, குறுக்கே நட்டு போல்ட்டு. ஓட்டையின் விளிம்பிலிருந்து தலைமுடி கனத்தில் ஒரு கோடு பாரின் அடிப்பக்கம் வரை இறங்கியிருந்தது. கோட்டை ஒட்டி மை தீட்டியது போல் கறுப்பு. விரிசலின் இரண்டு பக்கமும் உரசி உரசி வெளியே வந்த அலுமினியத் தூள் அது. முந்தின ஞாயிறுதான் அந்த வண்டியில் ஈ.சி.ஆரில் கோவளம் போய்த் திரும்பியிருக்கிறார்.

எல்லாரும் சொல்வது ஒன்றுதான்: "சின்ன ஓட்டைதானேண்ணா, பார் கெட்டியாத்தானே இருக்கு?" கெட்டி இல்லை தம்பி, அது குழாய். உள்ளே காலி. சுவரே இரண்டு மி.மீ. சுமாருக்குத்தான் இருக்கும். ஓட்டை போட்டால் அந்த இடத்தில் ஓடவேண்டிய விசை விளிம்பைச் சுற்றிக்கொண்டு போகிறது. விளிம்பில் அது ஏறக்குறைய மூன்று மடங்காகிறது. அதையும் எங்கே போடுகிறீர்கள்? பார் அதிகமாக வளையும் ஸ்டெம் ஓரத்தில்!

"தாத்தா சைக்கிள்ல எத்தனை ஓட்டை இருந்துச்சு?" என்று அடுத்த கேள்வி வரும். அது இரும்பு. சின்னச் சின்ன அதிர்வை இரும்பு ஆயுசுக்கும் தாங்கும். அலுமினியம் தாங்காது, ஒவ்வொரு குழியையும் கணக்கில் வைத்துக்கொள்ளும். நம்ம ஊர் ரோட்டில் அந்தக் கணக்கு எவ்வளவு வேகமாக ஏறும் என்று நான் சொல்லவேண்டியதில்லை.

கார்பன் ஃபைபர் பாரில் ஹோஸ் கிளிப் (ரப்பர் குழாயை இறுக்கும் தகட்டு வளையம்) போட்டு ஸ்க்ரூடிரைவரால் முறுக்குகிறவர்களுக்கு ஒரே வார்த்தை: வேண்டாம். தகடு ஒரே கோட்டில் அழுத்தும், உள்ளே நார் நொறுங்கும், வெளியே பெயின்ட் பளபளப்பாகவே இருக்கும்.

வீட்டில் மவுண்ட் செய்வதே தப்பு என்று சொல்லவில்லை. நானே செய்து தருகிறேன். விஷயம் இவ்வளவுதான்: அடிபட்டால் மவுண்ட் உடையலாம், பார் உடையக் கூடாது. பழைய டியூபை வெட்டி பாரில் ஒரு சுற்று. அதன் மேல் நீளவாக்கில் பிளந்த பி.வி.சி. பைப் துண்டு. துண்டின் முதுகில் மவுண்ட், குறுக்கும் நெடுக்குமாக இரண்டு கேபிள் டை. கறுப்பு டை வாங்குங்கள். வெள்ளை நம்ம வெயிலில் சீக்கிரம் மொறுமொறுப்பாகிவிடும். வாங்குமுன் பாரை அளந்துகொள்ளுங்கள். நடுவில் 31.8 மி.மீ. இருக்கும் பார், நேரான ஃப்ளாட் பாரானால் பிடிப் பக்கம் 22.2தான். பழைய வண்டிகளில் நடுவே 25.4.

3டி பிரின்ட் எடுப்பவர்கள் பி.எல்.ஏ. பிளாஸ்டிக்கைத் தவிர்த்துவிடுங்கள். 60 டிகிரி வாக்கில் இளகும் சரக்கு அது. கத்திரி வெயிலில் பூட்டிய காருக்குள் சைக்கிளோடு கிடந்தால் மவுண்ட் வெற்றிலை மாதிரி துவண்டுவிடும். பிளாஸ்டிக்கில் பெட்ஜி (PETG) பரவாயில்லை, ஏ.பி.எஸ். இன்னும் நல்லது.

மாட்டியதும் பாரை இடமும் வலமும் முழுக்கத் திருப்பிப் பாருங்கள், பிரேக் கேபிள் எங்கேயும் இடிக்கக் கூடாது. கம்ப்யூட்டரை ஒரு கயிற்றால் ஸ்டெம்மில் கட்டிவிடுங்கள். பல ஆயிரம் ரூபாய் பொருளை முட்டுக்காடு பாலத்தில் பஸ் டயருக்குக் கொடுத்துவிட்டு வந்தவர்கள் உண்டு. ஏற்கெனவே ஓட்டை போட்டவர்களிடம் கெஞ்சிக் கேட்கிறேன், இந்த ஞாயிறு ரைடுக்கு முன்னால் பாரை மாற்றிவிடுங்கள்.

அந்தத் தம்பி கிளம்பும்போது கேட்டார், "இதையே வெல்டிங் வச்சுக்கலாமாண்ணா?" பதில் சொல்லவில்லை. ரம்பத்தை எடுத்துப் பழைய பாரை இரண்டாக அறுத்துப் பழைய இரும்புப் பெட்டியில் போட்டேன்.