ஹசார்டு: அபாயமும் அன்று, இடரும் அன்று

ஒரு வேதித் தொழிற்சாலையின் பயிற்சிக் கூடத்தில் மாட்டியிருந்த பதாகையில் ‘இடர் கண்டறிதலும் இடர் மதிப்பீடும்’ என்று கொட்டை எழுத்தில் எழுதியிருந்தது. ஆலைகளில் ‘ஹைரா’ என்று சுருக்கி வழங்கும் ‘ஹசார்டு ஐடென்டிஃபிகேஷன் அண்டு ரிஸ்க் அசெஸ்மெண்ட்’ என்பதன் தமிழாக்கம் அது. மூலத்தில் ஹசார்டு (தீங்கு செய்யக்கூடிய பொருள் அல்லது நிலை) ஒன்று, ரிஸ்க் (அந்தத் தீங்கு நேரும் வாய்ப்பு) வேறொன்று. இரண்டும் வேறு என்பதைத் தொழிலாளருக்கு விளக்குவதற்காகவே அந்தப் பயிற்சியை நடத்துகிறார்கள். தமிழில் படிப்பவரோ, கண்டறிந்து முடித்த இடரை மறுபடி எதற்கு மதிப்பிட வேண்டும் என்று விழிப்பார். எதிர்ச் சுவரில் ஒட்டியிருந்த, கரைப்பான்களைப் பற்றிய தாளில் அதே ஹசார்டு ‘அபாயம்’ ஆகியிருந்தது. ஓர் அறைக்குள் ஒரு சொல்லுக்கு இரண்டு மொழிபெயர்ப்பு. என் கருத்தில் இரண்டும் தவறு. பல கையேடுகளிலும் சுவரொட்டிகளிலும் இதைப் பார்த்துப் பார்த்துப் பொறுத்துக்கொண்டிருந்தவன், இம்முறை எழுதிவிடுவது என்று உட்கார்ந்தேன்.

சொல்லின் பிறப்பை விரைவாகச் சொல்லிவிடலாம். ஹசார்டு பழைய பிரெஞ்சிலிருந்து ஆங்கிலத்துக்கு வந்தது. அங்கே அது பகடை உருட்டும் ஒரு சூதாட்டத்தின் பெயர். ஸ்பானிய மொழியில் தற்செயலைக் குறிக்கும் ‘அசார்’ அதற்கு உறவு. அதற்கும் பின்னால் பகடையைக் குறித்த அரபுச் சொல் ஒன்று இருந்தது என்பர். அதை எல்லாரும் ஒப்புவதில்லை. ஆட்டத்தின் பெயர், ஆட்டத்தில் நேரும் இழப்பு, இழப்பைத் தரக்கூடிய எதுவும் என்று பொருள் நகர்ந்து வந்தது. பணியிடப் பாதுகாப்புக்கான ஐ.எஸ்.ஓ. 45001 என்னும் 2018-ஆம் ஆண்டுத் தரநிலை, காயத்தையோ உடல்நலக் கேட்டையோ விளைவிக்கும் ஆற்றலுடைய மூலம் என்று அதை வரையறுக்கிறது. பகடையோடு வந்த தற்செயல் முழுவதும் இன்று ரிஸ்க் என்ற சொல்லிடம் போய்விட்டது. சூதாட்டத்தில் பிறந்த சொல்லில் சூது மட்டும் மிஞ்சவில்லை.

இந்த வேறுபாட்டில் சற்று நிற்க வேண்டும். கந்தக அமிலம் மூடிய கலனுக்குள் இருந்தாலும், திறந்த தொட்டியில் இருந்தாலும், தோலைப் பொசுக்கும் பொருள்தான். அந்த இயல்பு அதைவிட்டுப் போவதில்லை. அது ஹசார்டு. அந்தக் கலன் எங்கே நிற்கிறது, ஒரு ஷிப்டில் எத்தனை முறை திறக்கப்படுகிறது, திறப்பவர் கையுறையும் முகக்காப்பும் அணிந்திருக்கிறாரா, பக்கத்தில் கண் கழுவும் குழாய் இருக்கிறதா, அதில் தண்ணீர் வருகிறதா என்பவையெல்லாம் சேர்ந்து தீர்மானிப்பது ரிஸ்க். கலனில் ஒட்டும் லேபிள் முதலாவதைத்தான் முதன்மையாகச் சொல்லும். தன் சரக்கு எந்த ஊரில், எந்தக் கொட்டகையில், யார் கையில் போய்ச் சேரும் என்பது தயாரிப்பாளருக்குத் தெரியாது. இரண்டாவதை அந்தந்த ஆலைதான் கணிக்க வேண்டும். ‘வருமுன்னர்க் காவாதான் வாழ்க்கை எரிமுன்னர் வைத்தூறு போலக் கெடும்’ என்னும் குறளை நான் பயிற்சிகளில் இதற்காகவே எடுத்துக்காட்டுவதுண்டு. எரிக்கு எரிக்கும் இயல்பு உண்டு, வைக்கோற்போருக்குப் பற்றும் இயல்பு உண்டு, இவை ஹசார்டு. ரிஸ்க் ‘முன்னர்’ என்ற சொல்லில் இருக்கிறது. போரை நூறு அடி தள்ளி வைத்தால் இயல்பு இரண்டும் அப்படியே இருக்கும், ரிஸ்க் இறங்கிவிடும்.

இனி அபாயத்தைப் பார்ப்போம். வடமொழியில் விலகிப் போதல், அழிவு என்ற பொருள்களில் வழங்கிய சொல் தமிழில் நெருங்கிவிட்ட கேட்டைக் குறிக்கும் சொல்லாக வேரூன்றிவிட்டது. வடசொல் என்பதற்காக அதைத் தள்ளும் கூட்டத்தில் நான் இல்லை. அது நன்றாக வேலை செய்யும் சொல் என்பதால்தான் அதை வேறு வேலைக்கு இழுக்கக் கூடாது என்கிறேன். ரயில் பெட்டியில் இருப்பது அபாயச் சங்கிலி. பெட்டியில் ஒருவர் மண்ணெண்ணெயோடு ஏறியிருக்கிறார் என்றால் அது ஹசார்டு. அது பற்றிக்கொண்டு புகை எழும்போது சங்கிலியை இழுக்கிறோமே, அதுதான் அபாயம். அபாய ஒலி என்றால் எழுந்து ஓட வேண்டும் என்று எல்லாருக்கும் தெரியும். ஆலையின் கிடங்கில் உள்ள ஒவ்வொரு சாக்கையும் ஒவ்வொரு ட்ரம்மையும் அபாயம் என்று அழைத்துப் பழக்கிவிட்டால், உண்மையாக ஓட வேண்டிய நாளில் கூவுவதற்கு என்ன சொல் மிஞ்சும்?

இது வெறும் சொல்நயப் பூசல் அன்று. வேதிப்பொருள்களை வகைப்படுத்தி லேபிள் இடுவதற்கான உலக ஒத்திசைவு முறை, 1992-இல் ரியோ மாநாட்டில் விதையூன்றப்பட்டு, ஐக்கிய நாடுகள் அவையின் வெளியீடாக 2003-இல் முதற்பதிப்புக் கண்டது. சிவப்பு ஓரமிட்ட சாய்சதுரத்துக்குள் கறுப்பு உருவம் கொண்ட ஒன்பது படக்குறிகள் அதில் வந்தவை. படக்குறியோடு லேபிளில் இடம்பெறும் குறிப்புச் சொற்கள் இரண்டே இரண்டு: கடுமையான வகைகளுக்கு ‘டேஞ்சர்’, அடுத்த நிலையில் உள்ளவற்றுக்கு ‘வார்னிங்’. எடுத்துக்காட்டாக, தீப்பற்றும் திரவங்களில் பற்றுநிலை வெப்பம் (திரவத்தின் ஆவி சுடர் பட்டால் பற்றத் தொடங்கும் வெப்பநிலை) 23 டிகிரி செல்சியஸுக்குக் கீழே இருந்தால் டேஞ்சர். 23 முதல் 60 டிகிரி வரை என்றால் வார்னிங். ஒரே லேபிளில் இரண்டும் சேர்ந்து வரக் கூடாது என்பதும் விதி. டேஞ்சர் என்பதை அபாயம் என்றும் வார்னிங் என்பதை எச்சரிக்கை என்றும் மொழிபெயர்ப்பதில் எனக்கு மறுப்பில்லை. மின்கம்பப் பலகைகளால் இரண்டும் நன்கு பழகியவை. ஆனால் ஹசார்டையும் அபாயம் ஆக்கிவிட்டால், வார்னிங் மட்டும் பெற வேண்டிய பொருளின் லேபிளில் ‘எச்சரிக்கை’ என்ற சொல்லுக்குக் கீழேயே ‘அபாய விவரம்’ என்று ஒரு தலைப்பு வந்து உட்கார்ந்துகொள்கிறது. இரண்டு படிநிலை வேண்டும் என்று வகுத்த ஏற்பாடு தமிழில் ஒற்றைப் படியாகிவிடுகிறது.

சட்டத்திலும் இதே சிக்கல் உண்டு. 1984 டிசம்பர் 2-ஆம் நாள் நள்ளிரவில் போபாலில் மெத்தில் ஐசோசயனேட் கசிந்து ஆயிரக்கணக்கானோர் மாண்ட பிறகு, 2025 நவம்பர் வரை நடைமுறையில் இருந்த 1948-ஆம் ஆண்டின் தொழிற்சாலைகள் சட்டத்தில் 1987-இல் ஒரு புதிய அத்தியாயம் சேர்க்கப்பட்டது. அது ஹசார்டஸ் செயல்முறைகளைப் பற்றியது. அவற்றால் உடல்நலத்துக்கு நேரக்கூடிய கேடுகளை ஆலையினர் தொழிலாளருக்குத் தெரிவிக்க வேண்டும் என்று 41பி பிரிவு சொன்னது. அத்தகைய ஆலையில் உடனடி டேஞ்சர் நேரக்கூடும் என்று அஞ்சினால் அதை நிர்வாகத்தின் கவனத்துக்குக் கொண்டுவரும் உரிமையைத் தொழிலாளருக்கு 41எச் பிரிவு தந்தது. ஹசார்டு என்றும் இருப்பது, டேஞ்சர் வந்து நிற்பது என்ற பாகுபாட்டின் மேல்தான் இந்த இரு பிரிவுகளும் கட்டப்பட்டிருந்தன. ‘அபாயகரமான செயல்முறையில் உடனடி அபாயம்’ என்று மொழிபெயர்த்தால் அந்த உரிமை எப்போது பிறந்தது என்பது மங்கிவிடுகிறது. (அபாயத்தில் துணைக்கால் ஒன்று விட்டுப்போனால் அது அபயம் ஆகிவிடும் என்பதையும் சொல்லி வைக்கிறேன். பெயின்ட் உதிர்ந்த பலகை ஒன்று, அமிலத் தொட்டிக்கு மேலே நின்றுகொண்டு அடைக்கலம் தருவதாக அறிவிப்பதை நான் பார்த்திருக்கிறேன்.)

அபாயத்தை விரட்டிவிட்டு அந்த இடத்தில் இடரை அமர்த்துவோர் தூய தமிழ் ஆர்வலர். அவர்களுடைய நோக்கத்தை மதிக்கிறேன். தேர்வைத்தான் ஏற்க முடியவில்லை. இடர் என்பது பட்டுக் கழிக்கும் துன்பம். ‘இடரினும் தளரினும் எனதுறு நோய் தொடரினும்’ என்று சம்பந்தர் பாடும்போது அது அடியாரின் உடலிலும் உள்ளத்திலும் நிகழ்வது. நெடுங்களத்து இறைவனிடம் களையும்படி அவர் வேண்டுவதும் அப்படிப்பட்ட இடரைத்தான். இடறு என்னும் வினையோடு சேர்த்துப் பார்த்தாலும், இடறுவது நடப்பவரின் கால்தானே ஒழிய வழியில் கிடக்கும் கல் இடறுவதில்லை. நமக்கு வேண்டியது கல்லுக்கு ஒரு பெயர். உயிரற்ற ட்ரம்முக்கு இடர் ஏது? அதைத் திறப்பவருக்குத்தான் இடர்.

இவ்வளவோடு நின்றாலும் பழைய பொருளை இறுக்கிப் பிடித்துக்கொண்டிருக்கிறேன் என்று ஒருவர் சொல்லலாம். சொற்கள் பொருள் மாறாமல் இருப்பதில்லை. ஆனால் இடரின் நிகழ்காலப் பொருள் இன்னும் நெரிசலானது. டிசாஸ்டர் என்பதற்குப் பேரிடர் என்று சொல்லி, 2005-ஆம் ஆண்டுச் சட்டத்தைப் பேரிடர் மேலாண்மைச் சட்டம் என்கிறோம். அங்கே இடர் நடந்துவிட்ட நிகழ்வு. வங்கிக்காரரும் காப்பீட்டுக்காரரும் ரிஸ்க் என்பதற்கு இடர் என்று எழுதுகிறார்கள். அங்கே அது நடக்கக்கூடிய வாய்ப்பு. இப்போது ஹசார்டும் இடர் என்றால், அது பொருளின் நிலையான இயல்பு. நடந்தது, நடக்கக்கூடியது, என்றும் இருப்பது ஆகிய மூன்றையும் ஒரு சொல்லின் தலையில் ஏற்றிவிட்டு, பாமரத் தொழிலாளிக்குப் புரியவில்லையே என்று வருந்துவதில் பொருளில்லை. இலங்கையில் இந்த அளவுக்குக் குழப்பம் இல்லை. அங்குள்ள மத்திய வங்கி ரிஸ்க் என்பதற்கு ‘இடர்நேர்வு’ என்று எழுதுகிறது. இடர் நேர்வது என்று வினையைச் சேர்த்தவுடன் அதற்கு வாய்ப்பு என்ற சாயல் வந்துவிடுகிறது. ஆலைப் பாதுகாப்பிலும் ரிஸ்க் என்பதற்கு இதை அப்படியே எடுத்துக்கொள்ளலாம் என்பேன்.

ஹசார்டுக்கு என்ன சொல்? என் மனத்துக்கு மிகவும் பிடித்தது ஊறு. உறு என்னும் வினையில் பிறந்த அச்சொல் தொடு உணர்வையும் குறிக்கும், தீங்கையும் குறிக்கும். ‘சுவையொளி ஊறோசை நாற்றம்’ என்ற குறளில் தொடுகை, ‘உறுப்பமைந்து ஊறஞ்சா வெல்படை’ என்ற குறளில் காயம். தொட்டால் கேடு செய்யும் பொருளுக்கு இதைவிடப் பொருந்திய வேர் வேறெந்த மொழியில் இருக்கும் என்று தெரியவில்லை. ஆனாலும் இதைப் பரிந்துரைக்க மாட்டேன். ‘ஊறுபொருள்’ என்று ஜாடியில் எழுதினால் நூற்றுக்குத் தொண்ணூற்றொன்பது பேருக்கு நினைவு வருவது ஊறுகாய். லேபிளைப் படிப்பவர் நிகண்டைப் புரட்டப் போவதில்லை.

ஆகவே எளிய வழியைத் தேர்கிறேன். தீங்கு எல்லாருக்கும் தெரிந்த சொல். நோயைத் தருவது நோய்க்காரணி என்று பள்ளிப் பாடநூலிலேயே படித்திருக்கிறோம். தீங்கைத் தருவது தீங்குக்காரணி. அமிலம் தீங்குக்காரணி, காப்புறை இல்லாமல் சுழலும் பெல்ட் தீங்குக்காரணி, தறிக்கூடத்தின் ஓயாத இரைச்சலும், கைப்பிடி இல்லாத உயர்மேடையும் தீங்குக்காரணிகள். ‘தீங்குமூலம்’ என்று ஒருவர் முன்மொழிந்தார். வரையறைக்கு நெருக்கமானதுதான், ஆனால் ‘தீங்கு மூலம்’ என்று பிரித்து எழுதிவிட்டால் தீங்கின் வழியாக என்று பொருள்படும், மூலநோய் பற்றிய கேலியையும் ஷிப்ட் முழுக்கக் கேட்க வேண்டியிருக்கும். பெயரடையாக வரும்போது ‘தீங்கு தரும்’ போதும்: தீங்கு தரும் கழிவு, தீங்கு தரும் செயல்முறை. ஹசார்டு கம்யூனிகேஷன் என்பது தீங்கறிவிப்பு. அந்தப் பதாகை ‘தீங்குக்காரணிகளை அறிதலும் இடர்நேர்வை மதிப்பிடலும்’ என்று இருந்திருந்தால் பயிற்சியின் பாதி வேலை சுவரிலேயே முடிந்திருக்கும்.

ஒரு சொல்லோடு இந்த நோய் நிற்பதில்லை. விழுங்கினால் உயிர் போகும், நச்சாகும், தீங்கு தரும் என்று உலக ஒத்திசைவு முறை மூன்று தரமாகப் பிரித்து, எச்300, எச்301, எச்302 என்று தனித்தனிக் குறியீடும் கொடுத்திருக்கிறது. நம் மொழிபெயர்ப்பாளர் சிலர் மூன்றுக்கும் ‘விழுங்கினால் ஆபத்தானது’ என்று எழுதிக் கணக்கை முடிக்கிறார்கள். தீப்பற்றும் திரவங்களில் நான்கு தரம் உண்டு. தமிழில் எல்லாம் ‘எளிதில் தீப்பற்றக்கூடியது’. அது டேங்கர் லாரிகளின் முதுகில் வளர்ந்த நல்ல தொடர், அதைக் குறை சொல்லவில்லை. ஆனால் நான்கில் ஒன்றுக்குத்தான் அது பொருந்தும். அச்சகத்துக்குப் போகும் அவசரத்தில் ஆங்கில அகராதியின் முதல் பொருளை எடுத்து ஒட்டுவதும், கருவி மொழிபெயர்த்துத் தந்ததை ஆலைக்குள் கால் வைத்த ஒருவரிடமும் காட்டாமல் அச்சேற்றுவதும் வழக்கமாகிவிட்டன.

இவற்றுள் என்னை மிகவும் வருத்தியது ‘கரோசிவ்’ என்பதன் தமிழாக்கம். அரிக்கும் தன்மையது என்பது உலோகத்தைப் பொறுத்தவரை சரி. துரு இரும்பை அரிக்கும் என்கிறோம். அதே சொல்லைத் தோலுக்குக் கொண்டுவந்து, ‘தோலில் கடுமையான அரிப்பை உண்டாக்கும்’ என்று ஒரு காஸ்டிக் சோடாக் கலனில் ஒட்டியிருந்தார்கள். சொறிந்துகொண்டே வேலையைப் பார்க்கலாம் என்றுதான் யாரும் நினைப்பர். ‘தோலைப் பொசுக்கும், கண்ணைக் கெடுக்கும்’ என்று எழுதுவதற்கு எந்தக் கலைச்சொல் அகராதியும் வேண்டியதில்லை. அந்த லேபிளில் தப்பியிருந்தது படக்குறி ஒன்றுதான்: மேலிருந்து சொட்டும் திரவம் ஒரு கையைத் தின்றுகொண்டிருந்தது, அதற்கு நேர் கீழே ‘அரிப்பு’ என்று அச்சிட்டிருந்தது.